ஒரு லிட்டர் ஏலக்காயும் ஒரு லட்சம் பேரும்

எங்கள் குடும்பத்தில் இருபத்துநாலு வருடமாகத் தீர்ப்பு வராத வழக்கு ஒன்று உண்டு. ஜெயிலுக்குப் போகிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் அதிகமா, இந்தப் பக்கம் அதிகமா என்பதுதான் அது. அண்ணனுக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரமே தொடங்கியது. அண்ணன் போடிக்காரர். மதினி மலைக்கு மேலே, கேரளாவில், பூப்பாறையைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். காலைப் பேப்பரில் இடுக்கிப் பக்கத்துத் திருட்டோ அடிதடியோ வந்தால் அண்ணன் அந்தப் பக்கத்தை நாலாக மடித்து, செய்தி மட்டும் மேலே தெரியும்படி மதினியின் காபி டம்ளருக்கு அடியில் வைப்பார். தேனிப் பக்கத்துச் செய்தி வருகிற நாளில் மதினி அதையே அண்ணனின் சாப்பாட்டுத் தட்டில் வைத்து, அதன் மேல் தோசையைப் போடுவார். இரண்டு பேரும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

நான் அவர்கள் வீட்டுக்கு மூன்றாவது தெருவில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு அளந்து டைரியில் எழுதுவேன். மழை இல்லாத நாளிலும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதுவேன். பூஜ்யத்தைப் பார்க்க மாடி ஏறுகிற ஒரே ஆள் ஜில்லாவிலேயே நான்தான் என்பது அண்ணனின் கருத்து. மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கு ஏறுகிற ரோடு தெரியும். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போவதும் தெரியும். சில காலம் அவற்றையும் எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதற்குள் போய்விடுகின்றன என்பதால் விட்டுவிட்டேன்.

போன வருடம் காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணன் மகளுக்கு வேலை உத்தரவு வந்தது. அவள் போலீசுக்குத்தான் பரீட்சை எழுதியிருந்தாள். அதே பரீட்சையில்தான் சிறைக்காவலர்களையும் எடுக்கிறார்கள். மதிப்பெண் வரிசைப்படி பிரித்ததில் இவளுக்குச் சிறைத்துறை கிடைத்திருந்தது. பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குள் பயிற்சிக்கு நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. பெண்கள் சிறையில் காவலர் வேலை. இருபத்திரண்டு வயது. அரசாங்கச் சம்பளம். ஓட்டப் பந்தயமும் நீளம் தாண்டலும் தாண்டி வாங்கிய வேலை.

மதினி உத்தரவை இரண்டு முறை படித்தார். மடித்து, ஏலக்காய் டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். அன்றைக்குச் சாயங்காலமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றபடியே, "புள்ளைக்கு ஜெயிலாமே, எத்தனை வருஷம் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். கேட்டது விளையாட்டுக்குத்தான். எதிர்வீட்டு அக்கா எல்லாவற்றையும் விளையாட்டுக்குத்தான் கேட்பார். ஆனால் மதினி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பெண் பார்க்க வருகிறவர்கள் பொண்ணு எங்கே என்று கேட்டால், ஜெயிலில் இருக்கிறாள் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன் என்று அண்ணனிடம் கேட்டாராம். அண்ணன், நீ எப்படிச் சொல்லச் சொல்கிறாயோ அப்படி என்று சொல்லி இருக்கிறார். இதுதான் அண்ணன் இந்த விஷயத்தில் முதல் ஒன்றரை நாள் எடுத்திருந்த நிலை.

சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் நேராக நாற்காலியில் உட்கார்ந்து நான் திருத்த வைத்திருந்த பரீட்சைப் பேப்பர்களை எடுத்து விசிறிக்கொண்டாள். அம்மா சம்மதிக்காவிட்டால் போக மாட்டாயா என்று கேட்டேன்.

"போகலாம் அத்தே. யாரு புடிச்சு வைக்கப் போறா. ஆனா அம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறப்ப நான் பெட்டியைத் தூக்க மாட்டேன். அது எனக்குக் கடைசி வரைக்கும் வராது."

அவள் நாலு பேர் கேட்க உரக்கப் பேசுகிறவள். இதை மட்டும் மெதுவாகச் சொன்னாள். பிறகு, "நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லணும். நீங்க சொன்னா அப்பா கேப்பாரு, அப்பா சொன்னா அம்மா கேப்பா" என்றாள். இந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றுகூட உண்மை இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்துவிட்டேன். என் யோசனை எளிமையானது. மதினியின் மனதில் இருக்கும் ஜெயில், கொலைகாரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஓர் இடம். பெண்கள் சிறை அப்படி இல்லை, நம் நாட்டில் சிறையில் இருக்கும் பெண்கள் மிகவும் குறைவு என்று எண்களை வைத்துக் காட்டிவிட்டால் பயம் போய்விடும். மத்திய அரசு வருடா வருடம் ஒரு சிறைப் புள்ளிவிவரப் புத்தகம் வெளியிடுகிறது. அதில் வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, யாராவது சொந்தக்காரங்க உள்ள இருக்காங்களா டீச்சர் என்று அக்கறையாகக் கேட்டார். கிராஃப் நோட்டில் ஓர் அட்டவணை போட்டேன். மேலே நாடுகள், கீழே மாநிலங்கள். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் சிறையில் என்று ஒரு கட்டம். பெண்களுக்கு ஒரு கட்டம். தண்டனை பெற்றவர்கள், விசாரணை முடியாதவர்கள் என்று இன்னும் இரண்டு கட்டங்கள்.

அமெரிக்காவில் லட்சத்துக்கு ஐந்நூறைத் தாண்டுகிறது. நம் நாட்டில் நாற்பது சொச்சம். தாய்லாந்தில் பெண்களை மட்டும் எண்ணினாலே நம் மொத்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நம் நாட்டில் சிறையில் இருக்கிற நூறு பேரில் நாலு பேர்தான் பெண்கள். அதை லட்சத்துக்கு என்று மாற்றினால் இரண்டைக்கூடத் தொடவில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். தொடவில்லை.

தமிழ்நாட்டுக் கட்டத்தையும் கேரளாக் கட்டத்தையும் நிரப்பும்போது கை கொஞ்சம் தயங்கியது. இருபத்துநாலு வருட வழக்கின் தீர்ப்பு அந்த இரண்டு கட்டங்களில் இருந்தது. பென்சிலால் எழுதி, மேலே ஓர் அட்டைத் துண்டை ஊக்குப் போட்டு மாட்டினேன். எது அதிகம் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. எனக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு நோட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்று காலை மழை நாலு மில்லிமீட்டர். அண்ணன் மகள் ஏற்கெனவே நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தாள். மதினி சமையலறையைவிட்டு வரவில்லை. நான் முக்கியமான எண்ணுக்கு வரும்போதெல்லாம் மிக்ஸி ஓடியது.

அண்ணனுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். அவருக்கு ஏலக்காய்த் தரம் பார்க்கிற சோலி. வெளியூர் வியாபாரிகளுக்காக ஏல மையத்தில் சாம்பிளைப் பார்த்துச் சொல்வார். அவர் பையில் எப்போதும் ஒரு லிட்டர் குவளை இருக்கும். அதில் காயை நிரப்பித் தலை தட்டி எடை போடுவார். உள்ளே அரிசி, அதாவது விதை, நிறைந்து நன்றாக விளைந்த காய் என்றால் நானூறு கிராமுக்கு மேலே நிற்கும். பிஞ்சிலேயே எடுத்த காய் என்றால் குவளை நிறையும், எடை நிற்காது. தோட்டக்காரர் பத்து மூட்டை கொண்டுவந்தாரா நூறு மூட்டை கொண்டுவந்தாரா என்பது அங்கே பேச்சில்லை. லிட்டர் வெயிட்டு என்ன நிற்கிறது என்பதுதான் பேச்சு.

அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு மாநிலத்தில் கைதிகள் அதிகம் என்பது மூட்டைக் கணக்கு. உத்தரப் பிரதேசம் பெரியது, மூட்டை அதிகம் இருக்கத்தான் செய்யும். ஒரு லட்சம் பேர் என்பதுதான் நம் லிட்டர் குவளை. அந்த லட்சத்துக்குள் எத்தனை பேர் சிறையில் என்பது கிராம். இப்படிப் பார்த்தால்தான் ஊரையும் ஊரையும் ஒப்பிட முடியும். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சொல்கிற எதையும் அவர் அப்படிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"அமெரிக்கா ஐந்நூத்துச் சொச்சமா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நல்ல சரக்கு" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பெண்கள் கட்டத்துக்குப் போனேன். நம் நாட்டில் பெண்கள் லட்சத்துக்கு இரண்டைக்கூடத் தொடவில்லை என்று, அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் போட்டிருந்த கோட்டைக் காட்டினேன். அண்ணனின் முகம் மாறியது. சாம்பிள் தட்டில் சொத்தைக் காய் தெரிந்தால் அவர் முகம் இப்படித்தான் போகும்.

"ரெண்டுகூட நிக்கலையா?"

நிக்கல என்றேன். வெற்றி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏத்தா, லிட்டருக்கு ரெண்டு கிராம் நிக்காத சரக்கை எவன் வச்சுக்கிட்டு இருப்பான்? ஆளே இல்லாத ரூட்டுல எத்தனை நாளைக்கு பஸ்சு ஓட்டுவான்? இன்னைக்கு வேலைன்னு கூப்புடுவான், நாளைக்கு உருப்படி இல்லைன்னு கடையைச் சாத்திருவான். இவ பெட்டியோட திரும்பி வந்து நிப்பா."

நான் எடை குறைவாக இருப்பதுதான் இதில் நல்லது என்றேன். உங்கள் காயில் எடை கூடினால் விலை கூடும், இதில் எடை கூடினால் ஊர் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம் என்றேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். முப்பது வருடமாக அந்தக் குவளையைக் கையில் வைத்திருக்கிறேன், எடை குறைந்தால் நல்லது என்று ஒரு தோட்டக்காரன்கூட என்னிடம் சொல்லி இதுவரை கேட்டதில்லை என்றார். பிறகு மகளைப் பார்த்து, பெண்கள் ஜெயில் வேண்டாம், ஆம்பளை ஜெயிலில் கேட்டுப் பார், அங்கே வெயிட்டு நிற்கிறது என்றார்.

அதுவரை யார் பக்கமும் சாயாமல் இருந்த ஒரே வாக்கை, அண்ணனின் வாக்கை, ஒரு மணி நேரத்தில், அட்டவணை போட்டு, சிவப்புக் கோடு போட்டு, எதிர்ப்பக்கம் அனுப்பி வைத்தேன். சமையலறையில் மிக்ஸி நின்றிருந்தது. மதினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்னிக் கரண்டியோடு வந்து நோட்டை ஒரு பார்வை பார்த்தார். அட்டைத் துண்டை ஊக்கோடு தூக்கிப் பார்க்கப் போனார். நான் கையை வைத்து மறைத்தேன். "சாரமில்ல டீச்சரு, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மலையில் பரவாயில்லை என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். மதினி அதைச் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை.

அன்று டைரியில் எழுதியிருப்பது: மழை 4. விகிதம் விளக்கப்பட்டது. பலன் இல்லை. இன்னும் பதினொரு நாள்.

திங்களும் செவ்வாயும் அண்ணன் மகள் என்னோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் போனில் ஒரு கேள்வி கேட்டாள். லிட்டர் குவளை யாருடைய யோசனை என்று. என்னுடையது என்றேன். வைத்துவிட்டாள்.

புதன்கிழமை, இன்னும் எட்டு நாள் இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு நான் வந்து முகம் கழுவுவதற்குள் மதினி வந்தார். மதினி ஒரு கிடங்கில் காய் பொறுக்குகிறவர். நாள் முழுக்கக் கால் நீட்டி உட்கார்ந்து, பச்சைக்காயை ஒரு பக்கமும் வெளிறினதை ஒரு பக்கமும் ஒதுக்குகிற வேலை. அங்கிருந்து நேரே வந்திருந்தார். அவர் உட்கார்ந்ததும் அறை முழுக்க ஏலக்காய் வாசனை. காபி வேண்டாம் என்றார். நோட்டைக் கேட்டார்.

அந்த அட்டைத் துண்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொஞ்சம் தயங்கினேன். அவர் அதைத் தொடவில்லை. கடைசி இரண்டு கட்டங்களில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். தண்டனை பெற்றவர்கள், விசாரணை முடியாதவர்கள் என்றேன். நம் நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நாலில் மூன்று பங்கு பேருக்கு இன்னும் தீர்ப்பு ஆகவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணனிடம் இதைச் சொன்னது சமையலறையில் கேட்டதாகவும், மிக்ஸி சத்தத்தில் தப்பாகக் காதில் விழுந்ததோ என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்றேன்.

மதினி நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, தன் லயத்தை ஒட்டிய தோட்டத்துக்குக் காய் எடுக்க வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாத கதை. அந்தப் பெண்ணின் வீடும் ரேஷன் கார்டும் போடிப் பக்கம். வேலை மேலே. காய் எடுக்கிறவர்கள் சாயங்காலம் இடுப்புப் பையை எடை போடும் இடத்தில் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் ஜீப்பு ஏற வேண்டும். ஒரு நாள் கீழே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்து, அவள் ஓடிப்போய் ஜீப்பில் ஏறிவிட்டாள். பையின் அடியில் ஒரு கை அளவு காய் இருந்தது. விலை ஏறியிருந்த நேரம். தோட்டத்தில் திருட்டு நடக்கிறது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த நேரம். புகார் ஆனது. மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது போலீஸ் நின்றிருந்தது.

ஒரு கை காய்க்கு அவள் உள்ளே இருந்தது பத்தொன்பது நாள். ஜாமீனுக்கு ஆள் வேண்டும், அந்தப் பக்கத்தில் நிலம் உள்ள ஆளாக இருக்க வேண்டும், கரம் ரசீது காட்ட வேண்டும். நில வரியை அங்கே கரம் என்பார்கள். இவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நிலமும் ரசீதும் கீழே தமிழ்நாட்டில். மேலே இருப்பவர்களுக்கு லயம்தான் உண்டு, நிலம் இல்லை. கடைசியில் யாரோ ஒரு கடைக்காரர் மனது வைத்து ரசீதைக் கொடுத்தார். அப்புறம் வழக்கும் நிற்கவில்லை.

"அவளை எந்தப் பக்கத்துல எழுதியிருக்க?" என்று மதினி கேட்டார்.

இருந்த சிறை எந்த மாநிலமோ அந்த மாநிலத்தில் எழுதியிருப்பார்கள் என்றேன். அந்தக் கட்டத்துக்கு அடியில் இருக்கும் லட்சத்தில் அவள் இருக்கிறாளா என்று கேட்டார். இல்லை, ஜனத்தொகையில் அவள் இந்தப் பக்கம் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. காலையில் ஜீப்பில் ஏறி மேலே போய், சாயங்காலம் இறங்கி வருகிற எத்தனையோ பெண்களை ஒரு குவளையில் நிரப்பி, இன்னொரு குவளையில் எடை போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்திருந்தால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

மதினி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர் வந்த விஷயம் வேறு. அந்தப் பெண் திரும்பி வந்ததற்குப் பிறகு ஜெயிலைப் பற்றி அதிகம் பேசவில்லையாம். சாப்பாடு, படுக்கை எதைக் கேட்டாலும் உம் என்பாளாம். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாளாம். காலையும் சாயங்காலமும் வரிசையாக நிற்க வைத்து எண்ணுவார்கள். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டு போவார்கள். ஒரு காவலம்மா மட்டும், மலையாளத்துப் பெண், சின்ன வயசு, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, கூடவே சேச்சி என்று சேர்த்து எண்ணுவாளாம்.

"பத்தொன்பது நாள்ல பதினோரு நாள் அந்தப் புள்ளைக்கு டூட்டி. அவ எண்ணுன அன்னைக்குத்தான் சோறு எறங்குச்சும்பா. அந்தப் புள்ளையோட பேரைக் கேக்காம வந்துட்டேனேன்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுறா."

மதினி நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். அவர் மகள் வெளியே வாசலில்தான் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. மதினிக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது. திரும்பிப் பார்க்காமலே, உள்ள வா என்றார்.

அவள் வந்து சுவரோரம் நின்றாள்.

"அங்க என்ன சோலி குடுப்பாங்க உனக்கு?"

"காவல்தான் அம்மா. பூட்டுறது, தொறக்குறது. காலையில சாயங்காலம் ஆள் எண்ணுறது."

"உனக்கு வீட்டுலயே வாய் நிக்காது. என்னையவே நீ வா போங்குற. அந்தப் பொம்பளைங்களை என்ன பாடு படுத்துவ?"

அவள் சுவரை விட்டு விலகி நேராக நின்றாள். அவள் பதில் சொல்லாமல் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எண்ணுறதுதான் சோலின்னா, அக்கான்னு சொல்லி எண்ணு. பேரைக் கேட்டு வச்சுக்கோ. எவளையாச்சும் நீ விரலை நீட்டி எண்ணுனன்னு கேள்விப்பட்டேன், அடுத்த ரயில்ல வந்து கூட்டிட்டு வந்துருவேன்."

"உங்களை உள்ள விட மாட்டாங்க அம்மா" என்றாள், புதிதாக வந்த மரியாதையோடு.

"நான் வர்றதா இருந்தா விடுவாங்க" என்றார் மதினி.

அவ்வளவுதான். சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த உத்தரவை எடுத்து மேஜை மேல் வைத்தார். கசங்கி, ஏலக்காய் வாசனையோடு இருந்தது. எனக்கு வேறு ஒன்று அப்போதுதான் விளங்கியது. ஐந்து நாளாக ஜெயிலால் மகளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருந்தவர், இப்போது மகளால் ஜெயிலுக்கு என்ன ஆகுமோ என்று பயப்பட ஆரம்பித்திருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் இருந்த பயம்தான்.

மிச்சம் இருந்தது அண்ணன். கடை சாத்திவிடுவார்கள் என்ற நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் போய் இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் பெண்கள் குறைவு என்பதால் அவர்களுக்கென்று தனிச் சிறை சில ஊர்களில்தான் இருக்கிறது, குறைவாக இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு பெண்ணை ஆண்கள் சிறையில் வைக்க முடியாது, ஆகவே எத்தனை குறைந்தாலும் பெண் காவலர் வேண்டும் என்றேன். அண்ணன் யோசித்தார். அதாவது கட்டாயம் வைத்தே ஆக வேண்டிய சரக்கு என்றார். ஆமாம் என்றேன். எடை நிற்காவிட்டாலும் என்றார். நிற்காவிட்டாலும் என்றேன். இதை முதலிலேயே சொல்லாமல் என் குவளையை ஏன் இதற்குள் இழுத்தாய் என்றார். மதினி உள்ளேயிருந்து, புள்ளை போறா, நீங்க உங்க குவளையைக் கழுவி வைங்க என்றார். அதோடு அந்தப் பக்கமும் முடிந்தது.

நோட்டில் ஒரு திருத்தம் செய்தேன். இரண்டு மாநிலக் கட்டங்களுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே எழுதினேன்: காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்குகிறவர்கள் எந்தக் கட்டத்திலும் சரியாக இல்லை. அட்டைத் துண்டை எடுக்கவில்லை. ஆனால் அதற்கடியில் இருக்கும் தீர்ப்பை நானே இப்போது நம்புவதில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். மறுநாள் காலை மதினியின் டம்ளருக்கு அடியில் பேப்பர் இருந்தது.

புதன்கிழமை சாயங்கால ரயிலில் மதுரைக்குப் போய், அங்கிருந்து பயிற்சிக்குப் போவதாக ஏற்பாடு. அண்ணன் கூடப் போகிறார். பெட்டியை நான் கட்டினேன். என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு, எட்டாவது உருப்படி இரண்டு தடவை வந்திருக்கிறது என்றாள். பார்த்தேன். வந்திருந்தது. எண்ணுகிற வேலைக்கு ஆள் சரிதான் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. அண்ணன் அரைக் கிலோ முதல்தரக் காய், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டர் பருமன், மொத்தமும் ஒரே பச்சை, பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அங்கே இதை எங்கே வைத்துக்கொள்வேன் என்று அவள் கேட்டாள். மேலதிகாரிக்குக் கொடுத்தால் லிட்டர் வெயிட்டு பார்த்துத் தெரிந்துகொள்வார் என்றார் அண்ணன். மதினி பொட்டலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு கை மட்டும் பிரித்து ஒரு காகிதத்தில் மடித்து மகளிடம் கொடுத்தார். ஒரு கை போதும் என்றார். நானும் அண்ணன் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணனுக்கு விளங்கவில்லை.

ஆட்டோ வந்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவும் வந்தார். பெட்டியையும் அவளையும் மேலும் கீழும் பார்த்தார். விளையாட்டுக்குத்தான், மறுபடியும் அதையே கேட்டார். எத்தனை வருஷம் என்று.

இந்த முறை மதினி கதவைச் சாத்தவில்லை. மகளின் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"ஆயுசு தண்டனைதான். அறுபது வயசு வரைக்கும் விட மாட்டாங்களாம். மாசா மாசம் சம்பளம் வேற குடுக்குறாங்க."

தெரு சிரித்தது. ஆட்டோ கிளம்பியது. மதினி உடனே உள்ளே போகவில்லை. மலைப் பக்கத்திலிருந்து ஜீப்புகள் இறங்கி வந்து தெரு முனையைக் கடந்துகொண்டிருந்தன. பின்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது ஜீப்பிலிருந்து யாரோ கை காட்டினார்கள். மதினி ஒரு பெயரைச் சொல்லி, அக்கா என்று கூப்பிட்டார். அது அந்தப் பெண்தானா என்று நான் கேட்கவில்லை.

அன்று மழை பூஜ்யம். எழுதினேன்.